தேயிலைத் தோட்டத்தில் கேட்கப்படும் சம்மதம்

பல் மருத்துவம் பயில்வோர் எந்நாட்டவராயினும், இலங்கைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளரைப் பற்றி ஒரு முறையேனும் படிக்க நேரிடும். 1970ஆம் ஆண்டில் நோர்வே நாட்டு அறிஞர் ஹரால்ட் லோவும் அவருடைய குழுவினரும், இரு தேயிலைத் தோட்டங்களில் 480 ஆண்களின் பற்களைப் பரிசோதித்தனர். பல் மருத்துவ வசதி அத்தொழிலாளரை எட்டியிருக்கவில்லை. மருத்துவம் குறுக்கிடாவிடின் ஈறு நோய் எவ்வாறு வளரும் என்று அறிய விரும்பியவர்களுக்கு, அவ்வசதியின்மையே வசதியாயிற்று. ஒப்பிடுதற்கு, நல்ல பல் பராமரிப்புப் பெற்ற ஒஸ்லோ நகரத்து மாணவரும் கல்விமான்களும் அமைந்தனர்.

1985 வரை தொடர்ந்த பரிசோதனைகளில், நூற்றுக்கு 8 பேருக்கு நோய் விரைந்து முற்றியது. 81 பேருக்கு மெல்ல வளர்ந்தது. எஞ்சிய 11 பேருக்கு ஈற்று வீக்கத்தோடு நின்றுவிட்டது. ஈறு வீங்கியவர் எல்லாரும் பல்லை இழப்பதில்லை என்னும் உண்மை உலகுக்குக் கிடைத்தது. 2010இல் மீண்டும் பரிசோதிக்கப்பட்டவர் 75 பேர்.

இது மருந்துச் சோதனையன்று. பார்த்துக் குறித்துக்கொள்ளும் ஆய்வே. ஆயினும் நோயைக் காண்பவருக்கு அதைத் தீர்க்கும் கடமை எவ்வளவு என்னும் வினா எழாமற் போகாது. உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964இல் பிறந்தது. ஆராய்ச்சித் திட்டத்தைத் தனியானதொரு குழு பரிசீலிக்க வேண்டும் என்ற விதி அதில் ஏறியது 1975இல்தான்.

தோட்டத்தில் சம்மதம் என்பது எளிய காரியமன்று. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்த சமூகம் அது. வேலையும் லயத்து அறையும் ஒரே நிருவாகத்தின் கையில் இருந்தன. துரையின் அனுமதியோடு வரும் வைத்தியரிடம், கணக்கப்பிள்ளை பார்த்து நிற்க, எத்தனை பேர் "மாட்டேன்" என்பர்? கையொப்பம் கிடைப்பது வேறு, சம்மதம் கிடைப்பது வேறு.

இன்று இலங்கையில் நெறிமுறைக் குழுக்கள் உண்டு. மருத்துவச் சோதனைகளைப் பதிவதற்கு 2006 முதல் பதிவகம் உண்டு. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையும் உண்டு. குறை வேறிடத்தில் உள்ளது. கொழும்பில் கடதாசியைப் பார்த்து அனுமதி வழங்கும் குழு, ஹட்டனில் அதே திட்டம் எவ்வாறு நடக்கிறதென்று நேரிற் சென்று பார்க்க வேண்டும். குழுவில் மலையகத் தமிழ் அறிந்த ஒருவர் இருத்தல் வேண்டும். விளக்கம் பேச்சுத் தமிழில், தோட்ட அதிகாரிகள் இல்லாத இடத்தில் அளிக்கப்படல் வேண்டும்; வீட்டாரோடு கலந்து பேச இரண்டு நாளாவது அவகாசம் தரப்பட வேண்டும். விலகுபவரின் வேலைக்கோ வைத்திய உதவிக்கோ இடையூறு நேராதென்பதை நிருவாகம் எழுத்தில் தருதல் நன்று. ஆய்வு முடிந்தபின் அந்த லயங்களுக்கு எந்தச் சிகிச்சை, எவர் செலவில், எத்தனை காலம் கிடைக்கும் என்பதும் தொடக்கத்திலேயே எழுதப்பட வேண்டும்.