பன்னிரண்டு என்றால் நான்கு

வீட்டு ஸ்டூடியோவுக்கு அனலாக் மிக்ஸர் வாங்கப் போகிறவர் முதலில் பார்ப்பது அதன் பெயரிலுள்ள எண்ணை. அது ஆளை ஏமாற்றும். பெரிங்கர் ஸெனிக்ஸ் 1202 மிக்ஸரில் 12 உள்ளீடுகள். மைக் செருகக்கூடியவை நான்குதான். மீதி எட்டும் கீபோர்டு போன்றவற்றுக்கான ஸ்டீரியோ ஜோடிகள். யமஹா எம்ஜி10-இலும் பத்துக்கு நான்குதான்.

மைக்குக்குத் தனிக் கணக்கு ஏன்? மைக்கிலிருந்து வருவது சில மில்லிவோல்ட். ப்ரீஆம்ப்தான் அதைத் தூக்கிவிட வேண்டும். 60 டெசிபல் கெயின் வைத்தால் மின்னழுத்தம் ஆயிரம் மடங்காகும். கூடவே சர்க்யூட்டின் இரைச்சலும் எழும். எட்டு சுமாரான ப்ரீஆம்பை விட இரண்டு நல்லது மேல். எண்ணிக்கை குறைவாக இருந்தாலும் நல்ல பதிவு செய்யலாம்: அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பம், மிக்ஸரும் கேசட் ரெக்கார்டரும் ஒன்றாயிருந்த டாஸ்காம் போர்ட்டாஸ்டூடியோவில் வீட்டிலேயே பதிவானது. அதில் இருந்தவை நான்கே தடங்கள்.

உள்ளே வருவதைவிட முக்கியம், ஒலி எப்படி வெளியே போகிறது என்பது. கடையில் இதைக் கேட்பவர் குறைவு. யுஎஸ்பி இருக்கிறது என்றதும் மனம் நிறைந்துவிடுகிறது. எம்ஜி10எக்ஸ்யூ போன்றவை எல்லா மைக்கையும் கலந்து, இரண்டே தடமாகத்தான் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கித்தார் அமுக்கிவிட்ட குரலை மட்டும் பிறகு உயர்த்த முடியாது. சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 எம்டிகே ஒவ்வொரு சேனலையும் தனித்தனியே அனுப்பும். இல்லையென்றால் சேனலுக்கு ஒரு டைரக்ட் அவுட்டாவது வேண்டும்; அதிலிருந்து, ஒலியைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுபோகும் இன்டர்ஃபேஸ் பெட்டிக்கு வயர் இழுக்கலாம்.

ஒருவரே பாடி, அவரே பதிவு செய்வதென்றால் இரண்டு மைக் இன்டர்ஃபேஸே போதும், மிக்ஸர் வீண்செலவு. நாலு பேர் சேர்ந்து வாசிக்கும்போதுதான் அதன் அருமை தெரியும். பாடும்போதே தன் குரலைக் கம்ப்யூட்டர் வழியாகக் கேட்டால், 48 கிலோஹெர்ட்ஸில் 256 சாம்பிள் பஃபருக்கு மட்டும் 5 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதம். போக வரச் சேர்த்தால் இரட்டிப்பு. பாடுபவருக்குத் தன் குரலே பின்னால் வருவதுபோல் உறுத்தும். அனலாக்கில் அந்தத் தாமதம் இல்லை. ஃபேடருக்கு முன்பே ஒலியைப் பிரித்தனுப்பும் ப்ரீ-ஃபேடர் ஆக்ஸ் ஒன்று இருந்தால், உங்கள் ஃபேடரை எப்படி நகர்த்தினாலும் பாடகரின் ஹெட்ஃபோன் அளவு மாறாது.

பழைய மிக்ஸர் என்றால் ஒவ்வொரு குமிழையும் திருகிப் பாருங்கள். கரகரப்பு பெரும்பாலும் தூசிதான், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போய்விடும். மைக் செருகாமலே ஹம் கேட்டால் பவர் சப்ளையில் கோளாறு இருக்கலாம். விலையைப் பேசும் முன் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.