காற்றுக்குழாய்த் தூசி: எப்போது கவலைப்பட வேண்டும்?

கனடாவில் வீடு வாங்கிய தமிழர்களில் இந்தத் தொலைபேசி அழைப்பு வராதவர் அரிது. "உங்கள் வீட்டுக் காற்றுக்குழாய்களைத் துப்புரவு செய்து எத்தனை வருடம் ஆகிறது? இந்த வாரம் உங்கள் பகுதியில் சலுகை விலை" என்று ஆரம்பிப்பார்கள். விற்பனை அழைப்பு வேண்டாதவர்கள் பதிவு செய்துகொள்ளும் தேசியப் பட்டியலை 2008 இல் கனடா கொண்டுவந்தது. விதியை மீறிய குழாய்த் துப்புரவு நிறுவனங்கள் பலவற்றுக்கு அபராதமும் விதிக்கப்பட்டது. அழைப்பு மட்டும் ஓயவில்லை. அதைக் கேட்டுப் பயந்து பணம் கொடுத்தவர்கள் நம்மில் உண்டு. எரிச்சலில் அந்தப் பேச்சையே ஒதுக்கிவிட்டு, உண்மையிலேயே பூஞ்சை பிடித்த குழாயோடு குளிர்காலம் குளிர்காலமாக இருந்துவருபவர்களும் உண்டு. குழாய்க்குள் என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டால் இரு சாராருமே தாங்களாகவே முடிவு எடுத்துவிடலாம்.

ஸ்காபுரோவிலோ மார்க்கத்திலோ உள்ள ஒரு சாதாரண வீட்டை எடுத்துக்கொள்வோம். பேஸ்மென்டில் ஃபர்னஸ் இருக்கும். அதிலிருந்து புறப்படும் தகரக் குழாய்கள் சூடான காற்றை அறை அறையாகக் கொண்டுபோய்த் தரையிலுள்ள கம்பித் தட்டி வழியே விடுகின்றன. இன்னொரு தொகுதிக் குழாய்கள் அறைகளின் காற்றை உறிஞ்சி மீண்டும் ஃபர்னஸுக்குக் கொண்டுவருகின்றன. கோடையில் ஏசி போட்டாலும் காற்று இதே வழியில்தான் போய்வரும். திரும்பி வரும் காற்று விசிறியை அடைவதற்குச் சற்று முன்னால்தான் வடிகட்டி செருகப்பட்டிருக்கிறது. இந்த இடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துப்புரவுக்காரர்கள் படமெடுத்துக் காட்டுகிற மிக அழுக்கான குழாய் பெரும்பாலும் திரும்பும் பக்கத்துக் குழாயாகவே இருக்கும். அங்கிருந்து தூசி கிளம்பினாலும், அறைக்கு வருவதற்கு முன் அது வடிகட்டியைத் தாண்டியாக வேண்டும்.

அது அவ்வளவு எளிதில் கிளம்புவதும் இல்லை. வீட்டுக் குழாய்களில் காற்று ஏறத்தாழ நொடிக்கு 3 முதல் 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. ஆனால் தகரத்தின் பரப்பை நெருங்க நெருங்க வேகம் குறைந்து, பரப்பை ஒட்டிய இடத்தில் ஏறக்குறைய நின்றே விடுகிறது. நுண்ணிய தூசித் துகள் அந்த மந்தமான படலத்துக்குள் ஒடுங்கிக் கிடக்கிறது. துகள் சிறிதாகச் சிறிதாக அதைப் பரப்போடு பிடித்து வைத்திருக்கும் மூலக்கூற்று ஈர்ப்பின் கையே ஓங்குகிறது. ஊரில் நம் வீட்டு மின்விசிறியை நினைத்துப் பாருங்கள். 1200 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 300 சுற்றுச் சுற்றினால் இறக்கை நுனி நொடிக்கு ஏறக்குறைய 19 மீட்டர் வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. அப்படியிருந்தும் இறக்கையில் படிந்த தூசி பொங்கலுக்கோ தீபாவளிக்கோ நாம் துணி எடுத்துத் துடைக்கும்வரை அப்படியே இருக்கிறது.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இந்த விடயத்தில் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதற்கு ஒத்தே போகிறது: குழாய்த் துப்புரவு நோயைத் தடுத்ததாக இதுவரை நிரூபிக்கப்படவில்லை, குழாய் அழுக்காக இருப்பதால் வீட்டில் தூசி கூடுகிறது என்பதற்கும் உறுதியான சான்று இல்லை. கனடாவின் வீட்டுக்கடன், வீடமைப்புக் கழகமும் வீடுகளில் சோதித்துப் பார்த்தது. துப்புரவுக்கு முன்னும் பின்னும் காற்றில் மிதக்கும் துகள்களின் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. குழாயில் ஓடும் காற்றின் அளவும் மாறவில்லை. ஆகவே, "இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கட்டாயம் செய்ய வேண்டும்" என்று காலக்கெடு வைத்துச் சொல்பவரை நம்பத் தேவையில்லை.

அப்படியானால் மேசையில் தினமும் படியும் தூசி எங்கிருந்து வருகிறது? உடுப்பிலிருந்தும் கம்பளத்திலிருந்தும் உதிரும் இழை, நம் தோலின் செதில், சப்பாத்தோடு வந்த மண், சன்னல் வழியே வரும் வாகனப் புகை. நுண்துகள்களுக்கு அடுப்பங்கரையே பெரிய ஊற்று. கறித்தூளுக்கு மிளகாய் வறுக்கும் அன்று வீடு முழுக்க இருமுவது குழாயின் குற்றம் ஆகாது. அடுப்புக்கு மேலுள்ள விசிறி புகையை வெளியே தள்ளுகிறதா, அல்லது ஒரு சல்லடை வழியாக அதே அறைக்குள் திருப்பி விடுகிறதா என்று பார்ப்பது குழாய்த் துப்புரவைவிடப் பயன் தரும். சாமி அறைக்கு அருகிலுள்ள கம்பித் தட்டியைச் சுற்றிக் கரி படிந்திருந்தால் விளக்கும் சாம்பிராணியும் காரணமா என்று முதலில் யோசியுங்கள். கறுப்பாக இருப்பதெல்லாம் பூஞ்சை ஆகிவிடாது.

ஆனாலும் ஆளை அழைத்தே ஆக வேண்டிய நிலைமைகள் உண்டு. அவற்றில் முதலாவது பூஞ்சை. தகரம் பூஞ்சைக்கு உணவு ஆகாது, மேலே படிந்த தூசிதான் உணவு. அதற்கு ஈரமும் சேர்ந்தால் போதும். ஈரம் வரும் வழிகள் சில. கோடையில் ஏசியின் குளிர்ச்சுருளில் வியர்க்கும் நீர் வடிகுழாய் அடைத்துத் தேங்கலாம். குளிர்காலத்தில் காற்று வறண்டுவிடாமல் இருக்க ஃபர்னஸோடு பொருத்தும் ஈரப்பதமூட்டி ஒழுகலாம். கூரைக்கு அடியிலோ கராஜின் மேலோ உறையில்லாமல் போகும் குழாயில் குளிர் பட்டு உள்ளே நீர் துளிர்க்கலாம். எது காரணம் என்று கண்டுபிடித்துச் சரி செய்யாமல் குழாயைக் கழுவினால் பூஞ்சை திரும்ப வரும். துப்புரவுக்கு வந்தவர் "பூஞ்சை" என்று ஒரு கறையைச் சுட்டினால், ஒட்டுநாடாவில் அதன் மாதிரியை எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அதற்கு ஆகும் செலவு முழுத் துப்புரவுக் கட்டணத்தில் சிறு பங்குதான். குழாயின் உட்புறத்தில் கண்ணாடியிழை உறை இருந்து அது நனைந்து பூஞ்சை பிடித்துவிட்டால் கழுவிப் பயனில்லை. அந்தப் பகுதியைக் கழற்றிப் புதிது போடுவதே வழி.

எலி, பூச்சி குடியேறியிருந்தாலும் துப்புரவு வேண்டும். ஃபர்னஸ் ஓடும்போது மட்டும் எழும் நாற்றம், தட்டியடியில் புழுக்கை, கூடு கட்டிய பஞ்சு ஆகியவை அடையாளங்கள். எலி நுழைந்த ஓட்டையை அடைப்பது முதல் வேலை, குழாய் அதற்குப் பிறகு.

நம்மவர் வீடுகளில் நான் மிக நியாயமான காரணம் என்று கருதுவது கட்டட வேலை. வாடகைக்கு விடவென்று பேஸ்மென்டைத் தடுத்து அறை எடுக்கிறோம். ஜிப்சம் பலகையைத் தேய்க்கும்போது பறக்கும் வெண்தூள் மிக நுண்ணியது. வேலை நடக்கையில் ஃபர்னஸ் ஓடினால் அது மலிவான வடிகட்டியைத் தாண்டிப்போய் விசிறி இறக்கையிலும் குளிர்ச்சுருளிலும் அப்பிக்கொள்கிறது. வேலை முடியும்வரை அந்தப் பகுதித் தட்டிகளைப் பிளாஸ்டிக்கால் மூடி, தேய்க்கும் நேரத்தில் ஃபர்னஸை நிறுத்தி வைத்தால் இந்தத் தொல்லையில் பாதி குறையும். புதிய வீட்டுக்குக் குடிபோகிறவர்களும் தரைத் தட்டிகளைத் தூக்கிப் பார்க்க வேண்டும். ஆணி, பலகைத் துண்டு, மரத்தூள், வேலையாட்கள் போட்ட காகிதக் கோப்பை என்று பலதும் உள்ளே கிடக்கலாம்.

தூக்கிப் பார்ப்பது கடினமான வேலை இல்லை. பெரும்பாலான தரைத் தட்டிகள் கையாலேயே கழன்று வரும். கைபேசியின் விளக்கைப் போட்டு, கையைக் குழாய்க்குள் விட்டு ஒரு காணொளி எடுங்கள். தகரத்தின் மேல் மெல்லிய சாம்பல் நிறப் படலம், ஓரத்தில் பிள்ளைகள் தவறவிட்ட காசு, சில அரிசி மணிகள், ஒரு லெகோத் துண்டு — இவ்வளவுதான் என்றால் வீட்டு வாக்குவம் குழாயே போதும். படலம் கம்பளம்போலத் தடித்து வழியை அடைத்திருந்தாலோ, ஃபர்னஸ் ஓடத் தொடங்கும்போது தட்டியிலிருந்து தூசி கிளம்பி வருவது கண்ணுக்கே தெரிந்தாலோ, அப்போது ஆளை அழையுங்கள்.

அவ்வளவு தூசி எப்படி உள்ளே போனது என்றும் கேளுங்கள். ஓட்டை, பொருத்து விட்ட இணைப்பு வழியாகக் குழாயில் ஓடும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வீணாவதாக அமெரிக்க வீடுகளைப் பற்றிய மதிப்பீடு சொல்கிறது. பழைய வீடுகளில் தரைக்குக் கீழுள்ள இரண்டு மரச்சட்டங்களுக்கு நடுவே ஒரு தகரத்தை அறைந்து, அந்த இடைவெளியையே திரும்பும் குழாயாக விட்டிருப்பார்கள். அதன் ஒவ்வொரு இடுக்கும் பேஸ்மென்டுத் தூசியை உறிஞ்சும். அடைக்க வெள்ளி நிறத் துணி நாடாவை எடுக்காதீர்கள். லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் 1990களின் இறுதியில் சோதித்தபோது, டக்ட் டேப் எனப்படும் அந்த நாடாதான் சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டதும் முதலில் கைவிட்டது. தூரிகையால் பூசும் மாஸ்டிக் பசையே நிலைக்கும்.

துப்புரவு தேவை என்று முடிவானால், முறையான வேலை எப்படி இருக்கும் என்று தெரிந்திருப்பது நல்லது. ஃபர்னஸுக்கு அருகே பெருங்குழாயில் துளையிட்டுப் பெரிய உறிஞ்சு இயந்திரத்தை இணைப்பார்கள். அறைத் தட்டிகளை மூடி, ஒவ்வொன்றாகத் திறந்து, அழுத்தக் காற்றுச் சாட்டையாலும் சுழல் தூரிகையாலும் அழுக்கைத் தட்டி இயந்திரத்தை நோக்கி ஓட்டுவார்கள். விசிறி, குளிர்ச்சுருள், நீர் வடியும் தட்டு மூன்றும் சுத்தமாக வேண்டும். முடிவில் துளை காற்றுப் புகாமல் அடைக்கப்பட வேண்டும். இதற்குப் பல மணி நேரம் பிடிக்கும். அமெரிக்க முகமை தரும் கணக்கில் செலவு 450 முதல் 1,000 டொலர்வரை. 99 டொலருக்கு முக்கால் மணி நேரத்தில் முடிக்கிறேன் என்று வருபவர் தட்டிகளின் வாயை மட்டும் உறிஞ்சிவிட்டு, பிறகு "கிருமிநாசினி தெளிக்க வேண்டும்" என்று விலையை ஏற்றுவார். அந்த மருந்தை மறுத்துவிடுங்கள். குழாய்க்குள் அடிப்பதை நீங்களும் பிள்ளைகளும் நாள் முழுக்க மூச்சில் இழுக்க வேண்டிவரும்.

1990 க்கு முன் கட்டிய வீடானால் இன்னொரு எச்சரிக்கை. குழாய் மூட்டுகளில் வெள்ளைக் காகிதம் போன்ற நாடா சுற்றியிருந்தால் அதில் ஆஸ்பெஸ்டஸ் இருக்கலாம். அதைச் சோதிக்காமல் எவரையும் தூரிகையோடு உள்ளே விடாதீர்கள்.

ஆண்டுதோறும் துப்புரவு செய்தே தீர வேண்டிய குழாயும் வீட்டில் ஒன்று உண்டு. அதைப் பற்றி யாரும் தொலைபேசியில் அழைப்பதில்லை. உடுப்பு உலர்த்தியிலிருந்து சுவரைத் துளைத்து வெளியே போகும் குழாய்தான் அது. அதில் சேரும் பஞ்சு தீப்பிடிக்கும். 2008 முதல் 2010 வரையான கணக்குப்படி அமெரிக்க வீடுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 2,900 உலர்த்தித் தீவிபத்துகள் நடந்தன. துப்புரவு செய்யாமல் விட்டதே அவற்றுக்கு முதன்மைக் காரணம். உடுப்பு காய வழக்கத்தைவிட நேரம் எடுத்தால் அந்தக் குழாய் அடைபடுகிறது என்று பொருள்.

ஃபர்னஸின் வடிகட்டியை இந்த வாரமே வெளியே இழுத்துப் பாருங்கள். விளக்குக்கு எதிரே பிடித்தால் வெளிச்சம் தெரியவில்லை என்றால் அதன் காலம் முடிந்தது. கடையில் மிக மலிவான கண்ணாடியிழை வடிகட்டி விசிறியைக் காக்கத்தான் உதவும், நுரையீரலுக்கு உதவாது. வடிகட்டும் திறனைக் காட்டும் மெர்வ் எண் 8 என்று அச்சிட்டதிலிருந்து மேலே வாங்குங்கள். மெர்வ் 13 நுண்துகள்களையும் நன்றாகப் பிடிக்கும், ஆனால் காற்றுக்குத் தடை கூடுதல் என்பதால் உங்கள் ஃபர்னஸ் தாங்குமா என்று அதைப் பரிசோதிக்க ஆண்டுதோறும் வரும் தொழில்நுட்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். செருகும்போது சட்டத்திலுள்ள அம்புக்குறி விசிறியைப் பார்த்திருக்க வேண்டும். மாற்றிய திகதியை அந்தச் சட்டத்திலேயே பேனாவால் எழுதி வையுங்கள்.