குடியரசுத் தலைவரின் நாட்குறிப்பு

சித்தூருக்குச் சில மைல் தொலைவில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்து, கங்காதர நெல்லூர் என்னும் ஊர் இருக்கிறது. தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும் சீமை அது. அவ்வூரில் ஒரு வீட்டில் களவு போயிற்று என்று வைத்துக்கொள்வோம். புலன் விசாரணைக்குப் புறப்படும் காவல் அதிகாரி, தமக்குச் செய்தி எட்டிய நேரம், விசாரணை தொடங்கிய நேரம், முடித்த நேரம், சென்று பார்த்த இடங்கள் ஆகியவற்றை நாள்தோறும் ஒரு குறிப்பேட்டில் எழுதியாக வேண்டும். 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 172-ஆம் பிரிவாக இருந்த இவ்விதி, 2024 ஜூலை முதல் அதன் இடத்துக்கு வந்துள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 192-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. நீதிபதி விரும்பினால் அக்குறிப்பேட்டை வரவழைத்துப் பார்க்கலாம்.

ஒரு சப்-இன்ஸ்பெக்டரின் நாளைச் சட்டம் இத்தனை அக்கறையோடு எழுதி வைக்கச் சொல்லுகிறது. அங்ஙனமாயின், நாட்டின் முதற் குடிமகனாகிய குடியரசுத் தலைவரின் நாளை எழுதி வைப்பவர் யார்? எழுதியது எங்கே இருக்கிறது? பின்னொரு காலத்தில் அதைப் பார்க்க வேண்டியவர் எவரிடம் கேட்பது? இவ்வினாக்களைப் பற்றியே இங்குச் சிறிது சிந்திப்போம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அரசாங்க அலுவலகங்களில் 'டைரி' என்னும் சொல் மூன்று வேடம் போடுகிறது. தபாலில் வரும் காகிதத்துக்கு இடும் எண்ணும் டைரி எண்ணே. அதிகாரி நாளை யாரைப் பார்க்கப் போகிறார் என்று எழுதி வைப்பதும் டைரியே. நேற்று என்ன நடந்தது என்று எழுதி வைப்பதும் டைரியே. மொழிபெயர்ப்புப் பணியில் இருப்போர் இம்மூன்றுக்கும் மூன்று சொற்களைத் தேடி அல்லற்படுவது வழக்கம். நமது பொருளுக்கு இவற்றுள் பின்னிரண்டின் வேறுபாடு மிக முக்கியம். நடக்கவிருப்பதைச் சொல்வது நிகழ்ச்சி நிரல். நடந்ததைச் சொல்வது நாட்குறிப்பு. காலை 10 மணிக்குத் தூதுவர் ஒருவர் வருவார் என்று நிரல் கூறும். அவர் வந்தாரா, எத்தனை நிமிடம் இருந்தார், அவர் போன பிறகு நிரலில் இல்லாத வேறொருவர் வந்தாரா என்பதை நாட்குறிப்புத்தான் சொல்லும். வரலாறு பெரும்பாலும் நிரலில் இல்லாதவர் வரும்போதே திசை மாறுகிறது.

ஆட்சியாளர் ஒருவரின் அன்றாட நடப்பை எழுதி வைப்பது தமிழர்க்குப் புதிய செயல் அன்று. புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் டூப்ளேயின் துபாஷியாக விளங்கிய ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761-இல் தாம் மறையும் காலம் வரை தமிழில் தினசரி எழுதி வந்தார். கவர்னர் மாளிகைக்கு யார் வந்தார், என்ன பேச்சு நடந்தது, துரை எந்த மனநிலையில் இருந்தார் என்பனவெல்லாம் அதில் உண்டு. ஆயினும் பிள்ளையவர்கள் வணிகர். கொடுக்கல் வாங்கலும், போட்டியாளரும், தமக்கென்று விருப்பு வெறுப்பும் உடையவர். தமக்குத் தெரிந்ததையும் எழுதினார், தமக்கு வேண்டியதையும் எழுதினார். இலக்கியச் சுவைக்கு அதுவே காரணம் எனலாம். சாட்சியமாக வைத்துப் பார்க்கும்போது, எழுதியவர் கண்ணையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது. தமக்கென ஒரு கருத்துமின்றி, கடிகாரத்தை மட்டும் பார்த்து எழுதுகின்ற ஒரு கை வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

அத்தகைய கையை ஓர் அலுவலகமாகவே ஆக்கிக் காட்டியது அமெரிக்க நாடு. அங்கும் தொடக்கத்தில் ஒழுங்கான ஏற்பாடு எதுவுமில்லை. பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் காலத்தில் வெள்ளை மாளிகையின் வாயிற்பணியாளர்கள், யார் உள்ளே வந்தார், யார் வெளியே போனார் என்று ஓர் ஏடு வைத்திருந்தார்கள். சுருக்கெழுத்தாளர்கள் வேறோர் ஏடு வைத்திருந்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துத்தான் இன்று அவருடைய நாட்களை ஆராய்ச்சியாளர் அறிகின்றனர். லிண்டன் ஜான்சன் காலத்தில் அவருடைய செயலாளர்கள் நிமிடக் கணக்கில் எழுதினார்கள். நிக்ஸன் காலத்திலோ, தேசிய ஆவணக் காப்பகத்தைச் சேர்ந்த ஊழியர்களே அப்பணியை ஏற்றார்கள். தொலைபேசி நிலையத்தின் பட்டியல், மெய்க்காவலரின் குறிப்பு, வாயிற்பணியாளரின் ஏடு, செயலாளர்களின் தாள் ஆகிய எல்லாவற்றையும் ஒருங்கே திரட்டி, ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, ஒரு நாளுக்கு ஒரு குறிப்பாகத் தட்டச்சுச் செய்தார்கள். நேரத்துக்கு ஒரு பத்தி. தொலைபேசி அழைப்பு தலைவர் விடுத்ததா, அவருக்கு வந்ததா என்பதைக் காட்ட ஒவ்வோர் எழுத்து. கூட்டமானால் வந்திருந்தோர் பெயர்ப்பட்டியல் பின்னிணைப்பு. என்ன பேசினார்கள் என்பது அதில் ஒரு வரிகூட இராது. படிப்பதற்கு இதைவிட வறண்ட எழுத்து வேறொன்று இருக்குமா என்பது ஐயமே.

அந்த வறண்ட எழுத்துத்தான் ஒரு தலைவரைப் பதவியிலிருந்து இறக்கியது. வாட்டர்கேட் ஊழல் விசாரணையில், நிக்ஸன் தமது அறையில் நடந்த உரையாடல்களை ஒலிநாடாவில் பதிவு செய்து வைத்திருந்தது 1973 ஜூலையில் வெளிப்பட்டது. ஆனால் நாடாக்களோ ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓடுவன. எல்லாவற்றையும் கொடு என்று கேட்டால் எந்த நீதிமன்றமும் ஒப்பாது. இன்ன நாளில், இன்ன நேரத்தில், இன்னாரோடு நடந்த பேச்சு வேண்டும் என்று சுட்டிக் கேட்க வேண்டும். 1974 ஏப்ரலில் சிறப்பு வழக்குரைஞர் 64 உரையாடல்களை அவ்வாறு சுட்டிக் கேட்டார். எப்படி முடிந்தது? வெள்ளை மாளிகையின் அன்றாடக் குறிப்புகளும் சந்திப்புப் பட்டியல்களும் முன்னரே அவர் கைக்கு வந்திருந்தன. அவற்றைக் கொண்டே நேரமும் இடமும் உடனிருந்தோரும் நிர்ணயிக்கப்பட்டதாக அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1974 ஜூலை 24-ஆம் தேதி அளித்த தீர்ப்பில் குறிப்பிட்டிருக்கிறது. நாடாக்களை ஒப்படைக்குமாறு எட்டு நீதிபதிகளும் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தனர். ஆகஸ்டு 9-ஆம் தேதி நிக்ஸன் பதவி துறந்தார்.

அதுவரை, தலைவரின் காகிதங்கள் தலைவரின் சொந்தச் சொத்து என்பதே அங்கு மரபு. பதவி முடிந்ததும் பெட்டியில் கட்டி எடுத்துச் செல்லலாம், வேண்டாததை அழிக்கலாம். 1978-இல் இயற்றப்பட்ட சட்டம் இம்மரபை மாற்றி, 1981 ஜனவரி 20 முதல் பதவி ஏற்கும் தலைவர்களின் அலுவல் ஆவணங்கள் யாவும் பொதுமக்கள் உடைமை என்று வகுத்தது. சட்டம் இருந்தால் மட்டும் எல்லாம் எழுதப்பட்டுவிடும் என்று எண்ணுவதற்கில்லை. 2021 ஜனவரி 6-ஆம் தேதி வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் கூட்டம் புகுந்த அன்று, அந்நாட்டுத் தலைவரின் தொலைபேசிக் குறிப்பில் 7 மணி 37 நிமிட நேரத்துக்கு ஓர் அழைப்பும் பதிவாகவில்லை என்பது பிறகு தெரிய வந்தது. எழுதும் வழக்கம் உள்ள ஏட்டிலேதான் எழுதாத இடம் கண்ணுக்குத் தெரியும். ஏடே இல்லாத இடத்தில் வெற்றிடம் இருப்பதாகவும் எவரும் உணர மாட்டார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். கங்காதர நெல்லூர்ப் பகுதியினர்க்குக் குடியரசுத் தலைவர் பதவி எட்டாத தொலைவில் உள்ளதொன்று அன்று. 1960 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருத்தணியில் பிறந்து, திருப்பதியிலும் வேலூரிலும் பயின்ற சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1962 மே முதல் 1967 மே வரை அப்பதவியில் வீற்றிருந்தார். அவர் காலத்தில் இரு முறை பிரதம மந்திரி திடீரென மறைந்தார். 1964 மே 27-ஆம் தேதி பிற்பகலில் நேரு காலமானார். அன்றே குல்சாரிலால் நந்தா பதவிப் பிரமாணம் செய்துகொண்டார். 1966 ஜனவரி 11-ஆம் தேதி தாஷ்கண்டில் லால் பகதூர் சாஸ்திரி மறைந்தபோதும் அவ்வாறே. இடைக்காலப் பிரதமரை இன்னபடி தெரிந்தெடுக்க வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் ஒரு வரியும் கிடையாது. தலைவரே முடிவு செய்தார். அம்முடிவே பின்பு முன்மாதிரியாக நின்றது. அந்தச் சில மணி நேரத்தில் அவர் யாரை அழைத்தார், யாரைக் கலந்தார் என்பது அரசியல் சட்ட வரலாற்றுக்கு எத்தனை பெரிய செய்தி! இராதாகிருஷ்ணன் ஒரு வகையில் பேறு பெற்றவர். அவருடைய புதல்வர் சர்வபள்ளி கோபால் தேர்ந்த வரலாற்றாசிரியர்; 1989-இல் தந்தையின் வாழ்க்கை வரலாற்றை எழுதி வெளியிட்டார். எல்லாத் தலைவர்க்கும் அப்படி ஒரு புதல்வர் வாய்ப்பதில்லை.

அனந்தப்பூர்ச் சீமையில் தோன்றிய நீலம் சஞ்சீவ ரெட்டி வகித்த காலத்திலும் இத்தகைய நாட்கள் உண்டு. 1979 ஜூலை 15-இல் மொரார்ஜி தேசாய் விலகல். 28-இல் சரண் சிங் பதவியேற்பு. ஆகஸ்டு 20-இல் அவரும் விலகல். 22-இல் மக்களவை கலைப்பு. ஜகஜீவன் ராமுக்கு வாய்ப்பளிக்கவில்லை என்று அன்று எழுந்த கண்டனம் நெடுநாள் ஓயவில்லை. ரெட்டியவர்கள் தம் தரப்பைப் பின்னர் நினைவுக் குறிப்பாக எழுதி 1989-இல் வெளியிட்டார். நினைவுக் குறிப்பு என்பது, என்னதான் நேர்மையோடு எழுதினாலும், வழக்காடுபவரே தரும் வாக்குமூலம்.

இவை எல்லாவற்றையும் விடக் கனமான ஓர் இரவு 1975 ஜூன் 25-ஆம் தேதியின் இரவு. உள்நாட்டு நெருக்கடி நிலைப் பிரகடனத்தில் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது அன்றிரவு கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியதோ மறுநாள் காலையில். எந்த நேரத்தில் எது நடந்தது என்பதே இங்கு வழக்கின் உயிர்நாடி. 1977-இல் நீதிபதி ஜே. சி. ஷா தலைமையில் விசாரணைக் கமிஷன் அமைந்தபோது, கையெழுத்திட்டவர் உயிரோடு இல்லை. அவ்வாண்டு பிப்ரவரி 11-ஆம் தேதி காலமாகிவிட்டார். முன்னாள் பிரதமர் இந்திரா காந்தியோ பிரமாணம் செய்து சாட்சியம் அளிக்க மறுத்துவிட்டார். குடியரசுத் தலைவரின் செயலாளராக இருந்த கே. பாலச்சந்திரன் போன்றோர், இரண்டு ஆண்டுகளுக்கு முந்திய ஓர் இரவை நினைவிலிருந்து மீட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. தலைவர் தம்மை அழைத்துப் பிரதமரின் கடிதத்தைக் காட்டியதையும், அரசியல் சட்டப்படி அந்த முறை பொருந்தாது என்று தாம் கூறியதையும், சட்ட விதிகளைப் பார்த்துவிட்டுச் சிறிது நேரத்தில் திரும்பியபோது பிரதமர் இல்லத்திலிருந்து ஒருவர் வந்து, கையெழுத்தான தாளையும் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு போய்விட்டதை அறிந்ததையும் பாலச்சந்திரன் எடுத்துரைத்தார்.

அந்தச் சிறிது நேரத்தை எண்ணிப் பாருங்கள். கங்காதர நெல்லூரில் ஒரு களவு வழக்கில் அதிகாரி எத்தனை மணிக்குத் தெருவில் இறங்கினார் என்பதற்கு எழுத்துச் சான்று கேட்கிறோம். கோடானு கோடி மக்களின் அடிப்படை உரிமைகள் நிறுத்திவைக்கப்பட்ட அந்த அறைக்குள் யார் எப்போது நுழைந்தார், எப்போது வெளியேறினார் என்பதற்கு நாம் பெரிதும் நம்பியிருப்பது அலுவலர் சிலரின் ஞாபக சக்தியை.

அந்த ஞாபகமும் தொலைந்து போயிருக்கும். ஷா கமிஷனின் அறிக்கை 1978-இல் வெளிவந்தது. 1980-இல் ஆட்சி மாறிய பின் அதன் பிரதிகள் கிடைப்பதரிதாயிற்று. தமிழ்நாட்டைச் சேர்ந்த நாடாளுமன்றவாதி இரா. செழியன் தம்மிடம் பத்திரமாக வைத்திருந்த பிரதியைக் கொண்டு 2010-இல் அதை மீண்டும் அச்சேற்றினார். தனி மனிதர் ஒருவரின் புத்தக அலமாரிதான் அங்கே ஆவணக் காப்பகத்தின் வேலையைச் செய்தது.

நம்மிடம் காப்பகம் இல்லாமலில்லை. 1891 மார்ச்சில் கல்கத்தாவில் தொடங்கிய ஆவணத் துறைதான் விடுதலைக்குப் பின் இந்திய தேசிய ஆவணக் காப்பகம் எனப் பெயர் பெற்று, புது தில்லி ஜனபத் சாலையில் இயங்கி வருகிறது. 1993-ஆம் ஆண்டின் பொது ஆவணச் சட்டமும் இருக்கிறது. விதிமுறைக்கு மாறாகப் பொது ஆவணத்தை அழிப்பவர்க்கு ஐந்தாண்டு வரை சிறையோ, பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம் என்று அது கூறுகிறது. ஆனால் அழிக்காதே என்று கூறும் சட்டம், இதை எழுதியே தீர வேண்டும் என்று கூறுவதில்லை. குடியரசுத் தலைவரின் ஒவ்வொரு நாளும் நிமிட வாரியாகக் குறிக்கப்பட வேண்டும், இத்தனை ஆண்டு கழித்து மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும் என்று தனியே பணிக்கும் சட்டம் நம் நாட்டில் இயற்றப்படவில்லை. சந்திப்புப் பட்டியல் ஓரிடத்தில், பாதுகாப்புப் பதிவு வேறிடத்தில், பயண ஏற்பாடு மற்றோரிடத்தில் என்று பல கோப்புகளில் ஒரு நாள் சிதறிக் கிடக்கும். அவற்றை ஒருங்கு திரட்டி ஒரே தாளில் எழுதுவதற்கு நாலைந்து எழுத்தர் போதும். பெருஞ் செலவு பிடிக்கும் காரியம் அன்று.

முதற் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத்தின் கடிதங்களும் ஆவணங்களும் பல தொகுதிகளாக அச்சில் வந்துள்ளன. இராமேசுவரத்தின் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் 2002 முதல் 2007 வரை பதவி வகித்தவர். அவருடைய கடிதங்கள், சொற்பொழிவுகள், சுற்றுப்பயண அறிக்கைகள் அடங்கிய தனித் தொகுப்பொன்று 2025-ஆம் ஆண்டில் தேசிய ஆவணக் காப்பகத்தை வந்தடைந்தது. கொண்டுவந்து கொடுத்தவர்கள் அவருடைய குடும்பத்தார்.