ஒரு பட்டையா, இரண்டு பட்டையா? மீட்பு ஹெலிகாப்டர் மாடலில் ஒரு இன்ச் மனிதர் சொல்லும் கதை!

மஞ்சள் ஹெலிகாப்டர் ஒன்று அந்தரத்தில் நிற்கிறது. கீழே நுரை தள்ளும் கடல், ஓரத்தில் சாய்ந்து கிடக்கும் பாய்மரப் படகு. நடுவில் கம்பியில் தொங்கியபடி இரண்டு பேர். மொத்தக் காட்சியும் ஒரு டீப்பாய் மேல் அடங்கிவிடும். பிளாஸ்டிக் கிட் வாங்கி மாடல் செய்பவர்களிடம், குறிப்பாக பிரிட்டனில், இந்தக் காட்சிக்கு எப்போதுமே தனி மவுசு உண்டு.

ஆனால் ஹெலிகாப்டரை அச்சு அசலாகச் செய்துவிட்டு, தொங்கும் ஆளிடம் கோட்டை விடுபவர்கள்தான் அதிகம். அந்த ஒரு இன்ச் மனிதரை எப்படித் தொங்கவிடுவது என்ற கேள்விக்குப் பின்னால் 15 பேர் உயிரிழந்த ஒரு பந்தயத்தின் கதை இருக்கிறது. அங்கே போவதற்கு முன், ஹெலிகாப்டரைப் பார்த்துவிடலாம்.

எந்த ஹெலிகாப்டர் இது?

வெஸ்ட்லேண்ட் சீ கிங். அமெரிக்காவின் சிகோர்ஸ்கி நிறுவனத்திடம் உரிமம் வாங்கி, இங்கிலாந்தின் யோவில் நகரில் தயாரிக்கப்பட்டது. இந்தியக் கடற்படையிலும் இதே சீ கிங் குடும்பம் பல ஆண்டுகள் பறந்திருக்கிறது. பிரிட்டன் விமானப்படை தனது தேடுதல் மற்றும் மீட்புப் பணிக்காக வாங்கிய ஹெச்.ஏ.ஆர்.3 ரகம் 1978-ல் சேவைக்கு வந்தது. உடல் முழுக்க மஞ்சள். இளவரசர் வில்லியம் 2010 முதல் 2013 வரை வேல்ஸில் உள்ள வேலி விமானப்படை தளத்தில் ஓட்டியதும் இதைத்தான்.

2015-ல் இந்தப் பணி தனியார் நிறுவனத்திடம் போனது. கடலோரக் காவல் அமைப்புக்காக இப்போது பறப்பவை சிவப்பு வெள்ளை ஹெலிகாப்டர்கள். மஞ்சள் சீ கிங்கை இனி பெரும்பாலும் லண்டன் விமானப்படை அருங்காட்சியகம் போன்ற இடங்களில்தான் பார்க்க முடியும். இல்லாவிட்டால், யாராவது ஒருவர் வீட்டு அலமாரியில்.

அது என்ன 1/72?

பழைய பிரிட்டிஷ் கணக்கு. நிஜத்தில் 6 அடி என்றால் மாடலில் ஒரு இன்ச். ஆறடி மனிதர் இரண்டரை சென்டிமீட்டர் ஆகிவிடுவார். சீ கிங்கின் மேல் விசிறி நிஜத்தில் 18.9 மீட்டர் விட்டம் கொண்டது. மாடலில் 26 சென்டிமீட்டர். கைக்கு அடக்கமாகவும் இருக்கும், கண்ணுக்கும் தெரியும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனத்தின் சீ கிங் கிட்டும் இந்த அளவில்தான் வருகிறது.

கிட் வாங்கும்போதே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க சீ கிங்கின் வால் விசிறிக்கு 5 இறக்கை. பிரிட்டனின் ஹெச்.ஏ.ஆர்.3-க்கு 6. அமெரிக்க கிட்டை வாங்கி மஞ்சள் பூசிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைத்தால், கண்காட்சியில் முதலில் வருபவரே விரல் விட்டு எண்ணிவிடுவார்!

நிற்கிறதா, பறக்கிறதா?

பசையைத் திறப்பதற்கு முன்பே முடிவு செய்ய வேண்டியது இது. ஏன் என்றால், இறக்கையின் வடிவமே இதைப் பொறுத்து மாறும். ஹெலிகாப்டர் தரையில் சும்மா நிற்கும்போது, நீளமான இறக்கைகள் தம் எடையாலேயே நுனியில் தொய்ந்து கீழே வளையும். பறக்கும்போது நேர் எதிர். மொத்த எடையையும் அவை தூக்குவதால் நுனிகள் மேல்நோக்கி எழும்பி, லேசாகக் கவிழ்த்த குடை தலைகீழானது போல ஆகும். கிட்டில் வரும் இறக்கைகளோ ஸ்கேல் வைத்து வரைந்த மாதிரி நேராக இருக்கும். அதாவது இரண்டுக்குமே பொருந்தாது. வெந்நீரில் சில நொடிகள் காட்டி, விரலால் மெதுவாக வளைத்து, அப்படியே குளிர்ந்த நீரில் முக்குவது பலரும் செய்யும் வழி.

பறக்கும் காட்சி என்றால் சுழலும் விசிறியை எப்படிக் காட்டுவது? சிலர் இறக்கைகளுக்குப் பதில் தெளிவான பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டிப் பொருத்துகிறார்கள். சிலர் குட்டி மோட்டார் வைத்து நிஜமாகவே சுற்ற விடுகிறார்கள். மோட்டாருக்கு ஒயர் வேண்டும். அது ஹெலிகாப்டரைத் தாங்கும் குழாய்க்குள் மறைந்துவிடும் என்பது வசதி.

படகுக்கு நேர் மேலே நிறுத்தாதீர்கள்

இங்கேதான் பேஸ் முக்கியமாகிறது. 10 மீட்டர் நீளப் படகின் பாய்மரக் கம்பம் 12 மீட்டருக்கு மேல் உயரமாக இருக்கலாம். மாடலில் கிட்டத்தட்ட 17 சென்டிமீட்டர். ஹெலிகாப்டர் 15 மீட்டர் உயரத்தில் நிற்கிறது என்றால் மாடலில் 21 சென்டிமீட்டர். நடுவில் 4 சென்டிமீட்டர்தான் மிச்சம். கடல் கொந்தளிக்கும்போது அந்தக் கம்பம் சும்மாவா நிற்கும்?

அதனால் நிஜத்தில் ஹெலிகாப்டர் படகுக்குப் பக்கவாட்டில் விலகி நிற்கும். சீ கிங்கின் வின்ச், அதாவது கம்பியை இறக்கி ஏற்றும் கருவி, வலப்பக்கப் பெரிய கதவுக்கு மேலே இருக்கிறது. முதலில் எடை கட்டிய கயிறு ஒன்றைப் படகுக்கு இறக்குவார்கள். அந்தக் கயிற்றைப் பிடித்து, கம்பியில் இறங்கி வரும் மீட்பு வீரரைப் படகில் இருப்பவர்கள் தங்கள் பக்கம் இழுத்துக்கொள்வார்கள். வின்ச்சை இயக்குபவர் கதவருகே இருந்து கீழே பார்த்தபடியே, எந்தப் பக்கம் எவ்வளவு நகர வேண்டும் என்று விமானிக்குச் சொல்லிக்கொண்டே இருப்பார். விமானிக்குத் தன் காலுக்குக் கீழே நடப்பது தெரியாது.

ஆக, பேஸில் படகை ஹெலிகாப்டரின் வலப்பக்கம் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டும். கம்பியோடு அந்த இரண்டாவது கயிறும் சாய்வாக வர வேண்டும். கதவருகே ஒரு ஆளும் வேண்டும். நேர் மேலே நிறுத்தினால் போட்டோவுக்கு அழகாக இருக்கும், உண்மையாக இருக்காது.

அந்த இரண்டாவது பட்டை

இப்போது கம்பியில் தொங்குபவரிடம் வருவோம்.

1979 ஆகஸ்ட். இங்கிலாந்திலிருந்து அயர்லாந்தின் தென்முனையில் உள்ள ஃபாஸ்ட்நெட் பாறையைச் சுற்றித் திரும்பும் பாய்மரப் படகுப் பந்தயம். 303 படகுகள் கிளம்பின. நடுக்கடலில் கடும் புயல் தாக்கியது. கல்ட்ரோஸ் கடற்படை விமானத் தளத்திலிருந்து சீ கிங், வெசெக்ஸ் ஹெலிகாப்டர்கள் மாறி மாறிப் பறந்து பலரைக் காப்பாற்றின. அப்படியும் பந்தய வீரர்கள் 15 பேர் இறந்தார்கள்.

இதில் மருத்துவர்களை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. இறந்தவர்களில் சிலர் கடலில் மூழ்கி இறக்கவில்லை. மீட்கப்படும் அந்த நேரத்தில், உதவி கைக்கு எட்டிய பிறகு, உயிரிழந்தார்கள்.

எப்படி? குளிர்ந்த நீரில் வெகுநேரம் கிடப்பவரின் கால்களைச் சுற்றியுள்ள தண்ணீர் அழுத்தம், ரத்தம் இதயத்துக்குத் திரும்ப உதவிக்கொண்டிருக்கும். அவரைக் கக்கத்தில் ஒரு பட்டை மாட்டி நெட்டுக்குத்தாகத் தூக்கினால், அந்த அழுத்தம் சட்டென்று போய்விடும். ரத்தம் கால்களில் தேங்கும். ரத்த அழுத்தம் சரியும். ஏற்கெனவே குளிரில் தளர்ந்த இதயத்தால் அதைச் சமாளிக்க முடியாமல் போகலாம்.

இதற்கு வந்த தீர்வு ரொம்ப எளிமையானது. கக்கத்துக்கு ஒரு பட்டை, முழங்காலுக்குக் கீழே இன்னொரு பட்டை. நாற்காலியில் சாய்ந்திருப்பது போன்ற நிலையில், முடிந்தவரை படுக்கைவாட்டில் தூக்குவது. அவசரம் முற்றிய இடங்களில் ஒற்றைப் பட்டை இன்றும் பயன்படலாம். ஆனால் நீரில் கிடந்து குளிர்ந்துபோனவருக்கு இரட்டைப் பட்டைதான் சரி.

மாடல் செய்பவருக்கு இதில் என்ன? 1979 காட்சி என்றால் ஒற்றைப் பட்டை, நெட்டுக்குத்தாக நிற்கும் உடல். 2010-ன் மஞ்சள் சீ கிங், கடலிலிருந்து தூக்கும் காட்சி என்றால் இரண்டு பட்டை, மடங்கிய முழங்கால். தவிர, 1979-ல் கல்ட்ரோஸிலிருந்து போன ஹெலிகாப்டர்கள் கடற்படையுடையவை, மஞ்சள் அல்ல.

செய்வது பெரிய கம்பசூத்திரம் இல்லை. 1/72 அளவில் கிடைக்கும் பொம்மை வீரர்களை எடுத்து, இடுப்பிலும் முழங்காலிலும் பிளேடால் வெட்டி, கோணம் மாற்றி ஒட்டலாம். ரயில் மாடல் கடைகளில் கிடைக்கும் 1/76 மனிதர்களும் கிட்டத்தட்ட பொருந்துவார்கள். பட்டைக்கு, பெயிண்ட் பூசிய மாஸ்கிங் டேப்பை மெல்லிசாகக் கீறினால் போதும்.

கம்பிதான் சிக்கல். நிஜக் கம்பி சுமார் 5 மில்லிமீட்டர் தடிமன். 72-ஆல் வகுத்தால் 0.07 மில்லிமீட்டர், தலைமுடி அளவு. தையல் நூல் போட்டால் கப்பல் கயிறு மாதிரி தெரியும். பழைய ஒயருக்குள் இருக்கும் செம்பு இழை ஒன்றே நன்றாக வரும். கிட்டின் பாகங்கள் ஒட்டிக்கொண்டு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை மெழுகுவர்த்தியில் காட்டி இழுத்தாலும் இழையாக நீளும். எதுவானாலும் அது ஹெலிகாப்டரைத் தாங்காது. அதற்குத் தனியாக ஒரு அக்ரிலிக் குழாய் வேண்டும்.

கடலும் பெயிண்டும்

தெர்மாக்கோலைச் செதுக்கி, டிஷ்யூ பேப்பரை ஃபெவிகாலில் நனைத்துப் போர்த்தி, காய்ந்ததும் நீலப்பச்சை அடித்தால் அலை வந்துவிடும். ஆனால் விசிறிக்குக் கீழே மட்டும் அலைகள் வேறு மாதிரி. மேலிருந்து வரும் காற்று நீரை அமுக்கி, வட்டமாக வெளிப்பக்கம் சிதறடிக்கும். அந்த வட்டத்துக்கு வெள்ளைத் திவலைகளைத் தொட்டு வைக்காவிட்டால், ஹெலிகாப்டர் அங்கே இருப்பதே கடலுக்குத் தெரியாதது போல இருக்கும்.

தெர்மாக்கோல் மேல் நேரடியாக ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கவே கூடாது. தெர்மாக்கோலும் கிட் பிளாஸ்டிக்கும் பாலிஸ்டைரீன்தான். கிட்டை ஒட்டும் திரவம் பிளாஸ்டிக்கைக் கரைத்துத்தான் இணைக்கிறது; அதே வகைக் கரைப்பான் ஸ்ப்ரேயில் இருந்தால், கடல் கண் முன்னே குழியாகிவிடும்.

மஞ்சள் பெயிண்ட் அடர்த்தி குறைவு. சாம்பல் பிளாஸ்டிக் மேல் பூசினால் அழுக்குப் பச்சையாகத் தெரியும். முதலில் வெள்ளை அல்லது வெளிர் பிங்க், பிறகு மெல்லிசாக மூன்று நான்கு கோட் மஞ்சள். ஜன்னல்களுக்கு சூப்பர் குளூ வேண்டாம், அதன் ஆவி கண்ணாடியை வெளுக்கச் செய்துவிடும். அங்கேயும் ஃபெவிகால்தான். ஸ்ப்ரே அடிக்கும்போது ஜன்னலைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொள்வது நல்லது.

கம்பியையும் ஆட்களையும் ஒட்டுவது கடைசி வேலை. அதற்கு முன்பே மேலே மூடுகிற கண்ணாடிப் பெட்டியை அளந்து வாங்கிவிட வேண்டும். 26 சென்டிமீட்டர் விசிறி உள்ளே போகுமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என விட்டவர்கள், இறக்கையைக் கழற்றி மாட்டிக்கொண்டிருப்பார்கள்.