படகில் ஏற்றும் தண்ணீருக்கும் எடை உண்டு

கோடை பிறந்தால் அமெரிக்க ஏரிகளில் வேக்சர்ஃபிங் களைகட்டிவிடும். படகு மெதுவாகப் போகும். அதன் பின்னால் எழும் அலையில், கயிற்றையும் விட்டுவிட்டு, பலகைமேல் நின்றபடி ஒருவர் சறுக்கிக்கொண்டே வருவார். அட்லாண்டாவிலும் ஆஸ்டினிலும் மினியாபொலிஸிலும் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் வார இறுதியில் நண்பர்களோடு படகை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஊரிலிருந்து போன அப்பா அம்மாவும் பேரப்பிள்ளைகளும் அதே படகில்தான் உட்கார்ந்திருப்பார்கள். அலையைப் பெரிதாக்கும் வித்தையைச் சொல்லித்தர எத்தனையோ வீடியோக்கள் இருக்கின்றன. அந்த அலைக்காக ஏற்றும் எடை யாரையெல்லாம் பாதிக்கும் என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

அலையை எழுப்புவது எடைதான். ஓடும் படகு எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அந்த அளவுக்கு அலை உயரும். அதனால் ஏரித் தண்ணீரையே பம்ப் வைத்துப் படகின் தொட்டிகளில் ஏற்றி, படகை அமிழ்த்துகிறார்கள். இந்தச் சுமைக்குத்தான் பேலஸ்ட் என்று பெயர். பின்பக்கம் எடை கூடினால் அலை உயர்ந்து செங்குத்தாகும். முன்பக்கம் கொஞ்சம் கூட்டினால் அலை நீளும். இதற்கென்றே கட்டிய இன்றைய படகுகளில் ஒன்றரை டன், இரண்டு டன் தண்ணீர்கூட ஏற்றலாம்.

எந்தப் பக்கத்து அலை வேண்டுமோ அந்தப் பக்கம் எடையைக் கூட்டிப் படகைச் சாய்த்து ஓட்டுவது பழைய முறை. இப்போது வேவ் ஷேப்பர் வந்துவிட்டது. படகின் இரு பக்கத்து நீரும் பின்முனையில் ஒரே நேரத்தில் வந்து மோதினால் நுரைதான் மிஞ்சும். ஒரு பக்கத்து நீரைச் சற்றே தாமதப்படுத்திவிட்டால் மறுபக்கத்து அலை வழவழவென்று எழுந்து நிற்கும். அதாவது இடப்பக்க அலை வேண்டுமென்றால் ஷேப்பர் வலப்பக்கம் இருக்க வேண்டும். புதிய படகுகளில் இது பொத்தானை அழுத்தினால் இறங்கும் தகடு. மற்றவற்றில் சக்ஷன் கப் வைத்துப் பக்கவாட்டில் ஒட்டும் பலகை. மணிக்கு 10 முதல் 12 மைல் வேகத்தில்தான் ஆட்டம் நடக்கும். அதில் கால் மைல் கூட்டிக் குறைத்தாலே அலையின் உருவம் மாறிவிடும். ஆகவே அலை சரியில்லை என்றால் முதலில் ஷேப்பரையும் வேகத்தையும், ஆட்கள் உட்காரும் இடத்தையும் மாற்றிப் பாருங்கள். எடுத்த எடுப்பிலேயே எடையைக் கூட்டுவது சோம்பல். அதில் ஆபத்தும் இருக்கிறது.

ஆனால் அதுதான் நடக்கிறது. தொட்டி நிரம்பியது போதாதென்று பெரிய பிளாஸ்டிக் பைகளை இருக்கைகளின் மேலும் தரையிலும் போட்டு நிரப்புகிறார்கள். 400 லிட்டர் பை என்றால் 400 கிலோ. கணக்கில் வராத ஆறு பெரியவர்கள் ஏறிவிட்டதாகப் பொருள். பை அரைகுறையாக நிரம்பியிருந்தால் இன்னும் மோசம். படகு திரும்பும்போது உள்ளே இருக்கும் தண்ணீரும் அதே பக்கம் சாய்ந்து சரிவை அதிகப்படுத்தும்.

எத்தனை பேர், எவ்வளவு எடை என்று சொல்லும் தகடு 20 அடிக்குக் குறைவான சாதாரண மோட்டார் படகுகளில் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கக் கூட்டாட்சி விதி. வேக்சர்ஃபிங் படகுகளில் பெரும்பாலானவை 20 அடியைத் தாண்டியவை. அவற்றுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பல நிறுவனங்கள் தாமாகவே தகடு பொருத்துகின்றன என்றாலும், அதில் உள்ள எடைக்குள் பேலஸ்ட்டும் அடங்குமா என்பதைக் கையேட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். வாடகைக்குக் கொடுப்பவரிடம் இதைக் கேட்பது உங்கள் உரிமை. பதில் சொல்லத் தெரியாதவரிடம் படகு எடுக்காதீர்கள்.

ஜார்ஜியா மாநிலத்தின் பர்ட்டன் ஏரியில் 2014-ல் நடந்ததை மறக்கக் கூடாது. படகு ஒன்றின் திறந்த முன்பக்கம் வழியாக அலைநீர் புகுந்தது. ஓட்டியவர் படகைப் பின்னோக்கிச் செலுத்தினார். முன்னால் உட்கார்ந்திருந்த 7 வயதுச் சிறுவன் நீரில் அடித்துச் செல்லப்பட்டு, படகின் அடியில் சுழலும் விசிறியில் சிக்கி உயிரிழந்தான். பெற்றோர் தொடுத்த வழக்கில் 2021-ல் நடுவர் குழு படகு நிறுவனத்தையும் ஓட்டியவரையும் பொறுப்பாக்கி மொத்தம் 20 கோடி டாலர் இழப்பீடு விதித்தது; பின்னர் வழக்கு சமரசத்தில் முடிந்தது. முன்பக்கம் எவ்வளவு தாழ்கிறதோ அவ்வளவு சீக்கிரம் தண்ணீர் உள்ளே வரும். சுமை ஏற்றிய படகில் குழந்தைகளை முன்பக்கம் உட்காரவைக்க வேண்டாம். தான் எழுப்பிய அலையையே வெட்டித் திரும்புவதும் கூடாது.

இன்னொரு ஆபத்து கண்ணுக்கே தெரியாது. பலகையில் நிற்பவர் படகின் பின்முனைக்குச் சில அடி தூரத்தில்தான் இருக்கிறார். எஞ்சின் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ கிடையாது. படகு மெதுவாகப் போகும்போது அது பின்பக்கத்திலேயே சுழன்று தேங்கும். பின்பக்க மேடையைப் பிடித்துக்கொண்டு நீரில் இழுபட்டு வரும் விளையாட்டில் பலர் இறந்த பிறகு, கலிஃபோர்னியா 2004-ல் சட்டமே இயற்றி அதைத் தடை செய்தது. தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வந்தால் வெயில், பசி என்று நினைத்துவிடாதீர்கள். உடனே எஞ்சினை அணைத்து, ஆளைக் காற்றோட்டமான இடத்துக்குக் கொண்டுபோய், 911-ஐ அழையுங்கள். விரலில் மாட்டும் சாதாரண ஆக்ஸிமீட்டர் இந்த நஞ்சைக் காட்டாது, அளவு சரியாக இருப்பதாகவே சொல்லும். ரத்தப் பரிசோதனை வேண்டும் என்று மருத்துவமனையில் வாய்விட்டுக் கேளுங்கள். விசிறி பின்முனைக்கு வெளியே இருக்கும் அவுட்போர்டு படகின் பின்னால் வேக்சர்ஃபிங் கூடவே கூடாது.

கரையில் இருப்பவர்களுக்கும் இந்த ஆபத்தில் பங்கு உண்டு. அலையின் உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் நான்கு மடங்காகும். அது கரையை அரிக்கும், கட்டியிருக்கும் படகுகளை மோதவைக்கும், சிறு தோணியில் இருப்பவரைக் கவிழ்க்கும். சாதாரணப் படகின் அலை 200 அடியில் இருக்கும் அளவுக்கு வேக்சர்ஃபிங் அலை தணிய 500 அடிக்கும் மேல் வேண்டும் என்று மினசோட்டா பல்கலைக்கழகத்தின் செயின்ட் அந்தோனி ஃபால்ஸ் ஆய்வகம் 2022-ல் கண்டறிந்தது. படகுத் தொழில் அமைப்புகள் 200 அடி போதும் என்கின்றன. எனக்கு ஆய்வகத்தின் அளவே ஏற்புடையது. வெர்மாண்ட் மாநிலத்தில் ஏரிக்கரை மக்கள் 2022-ல் கொடுத்த மனுதான் 2024 ஏப்ரலில் விதியானது: கரையிலிருந்து 500 அடி, ஆழம் 20 அடி, பரப்பு 50 ஏக்கர். இந்த மூன்றும் அமையாத நீரில் அங்கே இந்த ஆட்டத்துக்கு அனுமதி இல்லை. ஒரு படகு ஒரே ஏரியில்தான் இருக்க வேண்டும். இடம் மாற்றினால் சுத்திகரித்தாக வேண்டும். காரணம், பேலஸ்ட் தொட்டியைப் பம்ப் வைத்து எவ்வளவு இறைத்தாலும் கொஞ்சம் தண்ணீர் அடியில் தங்கும். கண்ணுக்குத் தெரியாத வரிச்சிப்பி (zebra mussel) குஞ்சுகள் அதில் ஏறி அடுத்த ஏரிக்குப் போய்விடும். ஓர் ஏரியில் வேரூன்றிவிட்டால் அவற்றை ஒழிப்பது ஏறக்குறைய இயலாத காரியம்.

விபத்து நடந்துவிட்டால்? முதலுதவியோடு முடியாத காயம் என்றால் 48 மணி நேரத்துக்குள் மாநிலப் படகுத் துறைக்கு எழுத்தில் அறிக்கை கொடுக்க வேண்டும். காயமில்லாமல் 2000 டாலர் அல்லது அதற்குமேல் சேதம் என்றால் 10 நாள் அவகாசம். வாடகைக்கு எடுக்கும்போது கையெழுத்திட்ட பொறுப்புவிலக்குப் பத்திரம் இருக்கிறதே என்று அஞ்சி ஒதுங்கிவிட வேண்டாம். கடுமையான அலட்சியத்தை அந்தப் பத்திரம் மூடி மறைக்க முடியாது என்பதே பல மாநிலங்களின் சட்டம். எடை அளவுத் தகடு, தொட்டிகள், கூடுதல் பைகள் ஆகியவற்றை அப்போதே படம் பிடித்து வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.

அலையால் உங்கள் படகோ படகுத்துறையோ உடைந்தால், அந்த அலையை எழுப்பியவரே ஈடு செய்யக் கடமைப்பட்டவர். முன்பக்கத்தின் இரு புறமும் எழுதியிருக்கும் பதிவு எண், நேரம், வீடியோ மூன்றும் இருந்தால் ஷெரிஃப் அலுவலகத்தின் ஏரிக் காவலர்களிடம் புகார் செய்யலாம். சிறு தொகை என்றால் சிறு வழக்கு நீதிமன்றம் இருக்கிறது; அங்கே வழக்கறிஞர் இல்லாமலேயே வாதாடலாம்.

இவற்றுக்கெல்லாம் முந்தியது, படகில் ஏறும்போதே கேட்க வேண்டிய கேள்வி. எவ்வளவு தண்ணீர் ஏற்றியிருக்கிறீர்கள், நாங்கள் இத்தனை பேர் ஏறினால் தாங்குமா என்று ஓட்டுபவரைக் கேளுங்கள். குழந்தைகளுக்கு உயிர்காப்புச் சட்டையை மாட்டிய பிறகே கயிற்றை அவிழ்க்கச் சொல்லுங்கள். அலை சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை, தண்ணீரை இறக்குங்கள் என்று சொல்லும் உரிமை படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் உண்டு. தயங்காமல் சொல்லுங்கள்.