கறிவேப்பிலையின் மெழுகுப் போர்வை

அம்மா விதை போட்டு வளர்த்த கறிவேப்பிலைக் கன்று எங்கள் டுசல்டோர்ஃப் வீட்டு யன்னலோரம் நிற்கிறது. ஒரு குளிர்காலம், மினுங்கட்டும் என்று பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் இலைகளை அழுத்தித் துடைத்தேன். இலைகள் காய்ந்து கொட்டின.

இலைமேல் கியூட்டினும் மெழுகும் சேர்ந்த மெல்லிய தோல் உண்டு. இலைத்துளைகள் மூடியபின் உள்நீரைக் காப்பது அதுவே. சவர்க்காரம் மெழுகைக் கெடுக்கும்; ஹீட்டரின் உலர்காற்று நீரை இழுக்கும்.

தாமரையிலையில் நீர் ஒட்டாததற்கு நுண்ணிய மேடுகளும் மெழுகும்தான் காரணம். இதை 1997இல் விளக்கியவர்கள், முன்னாள் தலைநகர் பொன்னின் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பார்த்லொட்டும் நைன்ஹுயிசும்.

இந்தத் தோல் வெளிநீரையும் இலகுவில் உள்ளே விடாது. ஆகவே வேருக்கு அளவாக ஊற்றுங்கள். தூசியை ஈரத்துணியால் மெதுவாக ஒற்றினாலே போதும். எங்கள் கன்று மீண்டும் துளிர்த்துவிட்டது.