கரிசல் கனிகள் - 9: வேலியோரத்து ஆப்பிள்

ஆப்பிள் மரத்துக்குக் குளிர் வேண்டும். பனிக்காலத்தில் பல நூறு மணி நேரம் 7 டிகிரிக்குக் கீழே கிடந்தால்தான் பெரும்பாலான ரகங்கள் ஒழுங்காகப் பூக்கும். தமிழ்நாட்டில் அந்தக் கொடுப்பினை கொடைக்கானலுக்குக் கொஞ்சம் உண்டு. அங்குள்ள தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையம், அதிகக் குளிர் கேட்காத பார்லின்ஸ் பியூட்டி என்ற ரகத்தை கே.கே.எல்.1 என்று பெயரிட்டு வெளியிட்டிருக்கிறது. விருதுநகரை விட்டுச் சாத்தூர் பக்கம் கிளம்பினால் வருகிற சூலக்கரையில் ஆப்பிள் கன்று நட யாரும் தடை போடவில்லைதான். சித்திரை வெயில் போட்டுவிடும்.

ஆனாலும் மார்கழி பிறந்தால் இந்தப் பக்கத்துத் தள்ளுவண்டிகளில் ஒரு 'ஆப்பிள்' வந்து குவிகிறது. ஆப்பிள் இலந்தை என்றும் சீமை இலந்தை என்றும் கூவி விற்கிறார்கள். பச்சைத் தோல், வழவழப்பு. ஒன்று 60 முதல் 100 கிராம் வரை நிற்கும். தாய்லாந்திலிருந்து வந்த இந்த ரகம் நட்ட முதல் வருடமே காய்ப்பதால் விவசாயிகளிடம் வேகமாகப் பரவியது. ஆப்பிளுக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆப்பிள் ரோஜாக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதுவோ ஓடைக்கரையில் ஆடு எட்டிக் கடிக்கிற இலந்தையேதான். தாவர நூல்களில் இரண்டுக்கும் ஜிசிபஸ் மாரிஷியானா என்ற ஒரே பெயர்.

தள்ளுவண்டியில் இருப்பதை விட்டுவிடுவோம். அதற்கு விளம்பரம் தேவையில்லை. இந்த வாரம் நாட்டு இலந்தை.

முள் மரம். ஒவ்வொரு கணுவிலும் இரண்டு முள்; பெரும்பாலும் ஒன்று நேராகக் குத்தும், மற்றது வளைந்து சட்டையைப் பிடித்து இழுக்கும். இலையின் மேல்பக்கம் கரும்பச்சை. திருப்பினால் வெள்ளைப் பஞ்சு பூசியது போல இருக்கும். அந்தப் பூச்சு இலையிலிருந்து ஈரம் வீணாகாமல் காக்கிறது. ஆணிவேர் ஆழமாக இறங்குகிறது. கரிசல் மண் கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிக்கும்போது மேல்மண்ணை நம்பி நிற்கிற செடிகளின் வேர் அறுந்துபோகிறது. இலந்தையை அது அவ்வளவாகத் தொடுவதில்லை.

அதைவிடக் கெட்டிக்காரத்தனம் அதன் காலக்கணக்கில் இருக்கிறது. வெயில் உச்சத்தில் மரம் இலையை உதிர்த்துவிட்டுச் சும்மா நிற்கும். பட்டுவிட்டது என்று வெட்டப் போனவர்களும் உண்டு. கோடை மழை ஒன்று விழுந்ததும் புதுக்கிளை விடும். அந்தப் புதுக்கிளையில்தான் பூ. ஆவணி, புரட்டாசியில் பூத்து, ஐப்பசி அடைமழையில் காய் பெருத்து, மார்கழியிலிருந்து மாசிக்குள் பழுத்து முடிகிறது. விருதுநகர் மாவட்டத்து மழையில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தில்தான் பெய்கிறது. மரத்துக்குத் தண்ணீர் அதிகம் தேவைப்படும் மாதங்களும் அவைதான். கிணறு வெட்டியும் மோட்டார் வைத்தும் மனிதர்கள் சமாளிக்கிற கணக்கை இந்த மரம் உறங்கியே சமாளித்துவிடுகிறது.

பழம் சிறிசு. கொட்டை பெரிசு. நடுவில் இருக்கிற சதை கொஞ்சம். பச்சையாக இருக்கையில் துவர்க்கும், மஞ்சளில் புளிக்கும், சிவந்து தோல் சுருங்கும்போது புளிப்பும் இனிப்பும் சேர்ந்து மாவு போலக் கரையும். ஆனால் எல்லா மரமும் ஒரே மாதிரி இல்லை என்பதுதான் விஷயம்.

இங்கிலாந்தில் பிராம்லி என்று ஒரு பழைய ஆப்பிள் இருக்கிறது. நாட்டிங்ஹாம்ஷயரில் சவுத்வெல் என்ற சிற்றூரில் 1809-ல் மேரி ஆன் பிரெய்ல்ஸ்ஃபோர்டு என்ற சிறுமி ஊன்றிய விதையிலிருந்து முளைத்த மரம் அது. கடித்துத் தின்ன முடியாத புளிப்பு. அடுப்பில் வைத்தால் குழைந்து அப்படி ஒரு ருசி. அந்த ஒரு மரத்தின் குச்சியை ஒட்டுக்கட்டி ஒட்டுக்கட்டித்தான் இன்றைக்கு உலகத்திலுள்ள பிராம்லி மரங்கள் எல்லாம் வந்தன. இருநூறு ஆண்டுகளாகச் சமையல்கட்டுதான் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

நாட்டு இலந்தைக்கு அப்படி யாரும் ஒட்டுக்கட்டவில்லை. பறவை தின்று போட்ட கொட்டையும் ஆடு அசைபோட்டுத் துப்பிய கொட்டையும்தான் அதன் நாற்றங்கால். விதையில் முளைப்பதால் ஒவ்வொரு மரமும் தனி ருசி. எந்த ஓடை ஓரத்து மரம் புளிக்கும், எந்த மரத்துப் பழம் இனிக்கும், எதில் புழு அதிகம் என்பதெல்லாம் ஆடு மேய்க்கிறவர்களுக்கும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் மட்டுமே தெரிந்த விவரம். மரத்தை வெட்டினால் அந்த ருசியும் போய்விடும். வேறு எங்கும் அதற்கு நகல் கிடையாது.

வட இந்தியாவில் கதை வேறு. உம்ரான், கோலா, பனாரசி கராகா, கைத்லி, சேப் என்று தேர்ந்தெடுத்து ஒட்டுக்கட்டிய இலந்தை ரகங்கள் அங்கே ஏராளம். ஜோத்பூரிலும் பிக்கானீரிலும் வறள்நிலப் பயிர்களுக்கென்றே மத்திய ஆராய்ச்சி நிறுவனங்கள் இருக்கின்றன. அந்த ரகங்களில் சில தெற்கேயும் வந்தன. நம் பக்கத்தில், அருப்புக்கோட்டையில் இருக்கிற வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையம் மானாவாரிப் பழமரங்களில் நெடுநாளாக வேலை செய்கிறது. நன்றாகப் பராமரித்த ஒட்டு மரம் ஒன்றில் நூறு கிலோ வரை பறிக்கலாம். கரிசல் விவசாயிக்கு அது சாதாரண விஷயமில்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த உம்ரானும் ஆப்பிள் இலந்தையும் சொந்தக் காலில் நிற்பதில்லை. நாட்டு இலந்தைக் கொட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கி, மூழ்கியதை மட்டும் ஊன்றி, செடி பென்சில் பருமன் வந்ததும் அதில் சீமை ரகத்தின் மொட்டை வைத்துக் கட்டுகிறார்கள். வேர் நாட்டு வேர். ஒட்டுக்குக் கீழே கிளம்புகிற தளிரை அவ்வப்போது கிள்ளாமல் விட்டால் இரண்டு வருடத்தில் சீமை ஒதுங்கி, முள்ளும் புளிப்புமாக நாட்டு மரம் எழுந்துவிடும். கவனிப்பாரில்லாத தோட்டங்களில் 'ரகம் மாறிப்போச்சு' என்று புலம்புகிறார்களே, பெரும்பாலும் நடந்தது இதுதான்.

இனிச் சமையலுக்கு வருவோம். இலந்தை வடை என்றதும் எண்ணெய்ச் சட்டியைத் தேடக் கூடாது. அடுப்பே பற்றவைக்காத பலகாரம் அது.

மரத்தில் சிவந்து, விழுந்து, ஓரளவு சுருங்கிய பழமாக ஒரு கிலோ. கழுவி, ஒவ்வொன்றாகப் பிட்டுப் பார்க்க வேண்டும். இந்த வேலையில் சோம்பல் ஆகாது. இலந்தைக்கென்றே ஒரு பழ ஈ இருக்கிறது. பிஞ்சுக்குள் முட்டை வைத்துவிடும். வெளியில் பளபளவென்று இருக்கிற பழத்துக்குள் புழு நெளியும். பொறுக்கி எடுத்ததை ஒரு பகல் வெயிலில் போட்டுத் தண்ணீரை வற்றவிட்டு, உரலில் கொட்டையோடு இடிக்கிறார்கள். முதலில் பத்து வத்தல் மிளகாயும் கல்லுப்பும் பெருங்காயமும் இடிபடும். அப்புறம் பழம். கடைசியில் கைப்பிடி வெல்லம். பழத்தில் புளிப்பு போதவில்லை என்று தோன்றினால் துளிப் புளி. கொட்டை நொறுங்க வேண்டும், மாவாகிவிடக் கூடாது. வடையைக் கடிக்கையில் பல்லில் நறநறவென்று படுகிற அந்தத் துணுக்கு இல்லாவிட்டால் பழகிய நாக்கு ஒப்புக்கொள்ளாது. மிக்ஸியில் போட்டவர்கள் பிளேடு மாற்றியதுதான் மிச்சம்.

இடித்த விழுது தவிட்டு நிறத்தில் கையில் ஒட்டும். கொஞ்சம் தண்ணீர் தொட்டு உருட்டி, உள்ளங்கையில் தட்டி, துணியிலோ ஓலைப்பாயிலோ காய வைக்கிறார்கள். மறுநாள் திருப்பிப் போட வேண்டும். தை, மாசி வெயிலில் மூன்று நான்கு நாள் போதும். பனி இறங்குவதற்குள் சாயங்காலமே உள்ளே எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பூசணம். சரியாகக் காய்ந்தது மாதக்கணக்கில் கெடாது. பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடைகளில் மிட்டாய்ப் பாட்டிலுக்குப் பக்கத்தில் இருப்பது இதுவேதான். இலந்தைத் தூள் பொட்டலம் இதன் தங்கை.

இந்த வடையை ஆப்பிள் இலந்தையில் செய்து பார்த்தவர்கள் பாடு பரிதாபம். அதில் தண்ணீர் அதிகம், புளிப்பு இல்லை. இடித்தால் கூழாகிறது, காய வைத்தால் தோலாகிறது, தின்றால் மிளகாய் மட்டும் தெரிகிறது. பெரிய பழம் பையில் வாங்கிப் போய்க் கடிக்கத்தான். நாட்டுப் பழத்தின் குறைகள் என்று சந்தை சொல்கிற புளிப்பு, துவர்ப்பு, மாவுச் சதை, பெரிய கொட்டை ஆகிய நான்கும்தான் வடைக்கு மூலதனம்.

ஆந்திரத்திலும் ரேகு வடியம் என்று ஏறக்குறைய இதையே செய்கிறார்கள். போகியன்று சின்னக் குழந்தைகளின் தலையில் இலந்தைப் பழத்தைச் சொரிந்து வாழ்த்துவது தெலுங்கர் வழக்கம். தெலுங்கு பேசுகிற குடும்பங்கள் தலைமுறைகளாக வாழும் விருதுநகர், சாத்தூர் கரிசலுக்கு இந்தப் பலகாரம் அன்னியமாக இருக்க வாய்ப்பே இல்லை. வங்காளத்தில் சரஸ்வதி பூஜை முடியும்வரை படிக்கிற பிள்ளைகள் இலந்தையைத் தொடக் கூடாது என்பது கட்டுப்பாடு. முடிந்ததும் ஊறுகாய் ஜாடிகள் நிரம்பும். நாகை மாவட்டம் கீழ்வேளூர் சிவன் கோயிலுக்கு இலந்தையே தலமரம். 1968-ல் வெளிவந்த 'பணமா பாசமா' படத்தில் எல்.ஆர்.ஈஸ்வரி பாடிய இலந்தைப் பழப் பாட்டைத் தெரியாத தமிழர் குறைவு. இத்தனை புகழ் இருந்தும் இது 'பயிர்' என்று யாரும் எண்ணவில்லை என்பதுதான் கோளாறு. பயிர் என்றால் வரப்புக்குள்ளே இருக்க வேண்டும். இலந்தை எப்போதும் வரப்புக்கு வெளியே.

சத்துக் கணக்கிலும் சின்னவன் தோற்கவில்லை. நூறு கிராம் ஆப்பிளில் வைட்டமின் சி 5 மில்லிகிராம் அளவுதான். இலந்தையில் சுமார் 70. வெயிலில் காய்கிற வடையில் அதில் ஒரு பங்கு போய்விடும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்போதைய சிக்கல் பறிப்பதில். முள்ளுக்குள் கைவிட்டு ஒரு படி பழம் சேர்க்க அரை நாள் ஆகும். விடிந்ததும் ஊருக்குள் வந்து ஆள் ஏற்றிப் போகிற பட்டாசு, தீப்பெட்டி ஆலை வண்டிகளில் வாரக்கூலி நிச்சயம். அதை விட்டுவிட்டு ஓடைக்கரைக்குப் போ என்று யாரை, எந்த வாயால் சொல்வது? சீமைக்கருவேல் அடைத்துக்கொண்ட கரைகளில் இலந்தையை நெருங்கவும் முடிவதில்லை. பறிக்க ஆள் இல்லாத மரம் விறகாகிறது.

காப்பாற்ற நினைப்பவர்களுக்கு வழி கடினமானதல்ல. நல்ல புளிப்புள்ள மரத்தைக் குறித்து வைத்து, பிராம்லிக்குச் செய்தது போல அதன் மொட்டை எடுத்து வேறு நாட்டுச் செடியில் கட்டலாம். வருடாவருடம் அறுவடை முடிந்ததும், கோடைக்குள், பழைய கிளைகளைக் கவாத்து செய்தால்தான் புதுக்கிளையும் பூவும் வரும். விழுந்த பழங்களைப் பொறுக்கி அழித்து, மரத்தடி மண்ணைக் கொத்தி வெயில் காட்டினால் மண்ணுக்குள் கூட்டுப்புழுவாய்க் கிடக்கிற ஈயில் பாதி ஒழியும்.

ஆப்பிள் இலந்தை போட்டிருக்கிறவர்களும் வேலியோரத்து நாட்டு மரத்தின் மேல் அரிவாளை வைக்க அவசரப்பட வேண்டாம். இலந்தை ரகங்கள் பலவற்றுக்குத் தன் மகரந்தம் தனக்கு ஆகாது. சில ரகங்களின் பூ காலையில் விரியும், சிலவற்றின் பூ உச்சிப்பொழுதில் விரியும். ஈயும் தேனீயும் இங்கிருந்து அங்கே தூள் கடத்த வேண்டும். ஒரே ரகமாக நட்ட தோட்டத்தில் பூ கொட்டி, காய் பிடிக்கவில்லை என்றால், உரக்கடைக்குப் போகும் முன் பக்கத்தில் வேறு இலந்தை ஏதாவது நிற்கிறதா என்று பார்க்கலாம்.

அடுத்த வாரம்: கொடுக்காப்புளி.

(தொடரும்)